நானும் அந்தக் கூட்டம்தானுங்க

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஏழு வருடம் மெர்ச்சன்டைசராக, வெளிநாட்டு ஆர்டர்களைப் பேசி முடித்துக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். ஃபேக்ஸ் போய் இமெயில் வந்துகொண்டிருந்த காலம் அது. அந்த ஏழு வருடத்தில் பொய் என்று நான் சொன்னது ஒரே ஒரு நாள்தான். மீதி நாளெல்லாம் அந்தப் பொய்க்குச் சோறு போட்டு வளர்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுத உட்கார்ந்து இரண்டு தடவை எழுந்து போயிருக்கிறேன். கொடியில் துணி காய்ந்ததா என்று பார்க்க ஒரு தடவை, அடுப்பில் வைக்காத பாலை இறக்க ஒரு தடவை. இப்போதும் எழுந்து போகலாம் போலத்தான் இருக்கிறது. சரி, சொல்லித் தொலைக்கிறேன்.

என் அப்பா பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். தைத்து முடித்த டி-ஷர்ட்டை நாள் முழுக்க நின்றுகொண்டே தேய்த்து மடிக்கிற வேலை. தென்காசிப் பக்கம் மழை பொய்த்துப்போய், எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தவர். லைன் வீட்டில் இருந்தோம். வீட்டுக்குள் எங்கள் ஊர்ப் பேச்சு, வாசலைத் தாண்டினால் ‘ஏனுங்க’, ‘ஆமாங்க’. என் நாக்கு சீக்கிரமே திரும்பிவிட்டது. என்னைப் பார்த்து யாரும் வெளியூர்க்காரி என்று சொன்னதில்லை. அதில் எனக்கு ஒரு கர்வம் வேறு.

அப்பா என்னை டிப்ளமோ படிக்க வைத்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்பதைத் தொட்ட மனிதர். கொமரலிங்கத்தில் தென்னந்தோப்பும் வயலும் உள்ள குடும்பம், அப்பா காலத்தில் திருப்பூர் வந்து நாலு மெஷினில் ஆரம்பித்தவர்கள். அதட்டிப் பேசத் தெரியாது. டீ வாங்கிக் கொடுத்து, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

“சொந்த ஊர் எது அம்மிணி?”

தென்காசிப் பக்கமுங்க என்று சொல்ல வேண்டியதுதானே. என்ன குறைந்துவிடும்? அந்த ஆபீஸில் மதுரைக்காரர் இருந்தார், தூத்துக்குடிக்காரர் இருந்தார், அக்கவுண்ட்ஸில் ஒரு மலையாளி இருந்தார். யாரையும் அவர் ஊரைக் கேட்டு வேலையை விட்டு அனுப்பியதில்லை. ஆனால் என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்காமல் “மூலனூர்ப் பக்கமுங்க” என்றது. டிப்ளமோவில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அந்த ஊர். முருங்கைக்காய்ச் சந்தையையும் அப்புச்சி என்கிற தன் அம்மாவழித் தாத்தாவின் தோட்டத்தையும் பற்றி நாள் பூராவும் பேசுவாள். எனக்கு அவள் மேல் பொறாமை. இன்ன ஊர், இன்ன தோட்டம், இன்ன கோயில் என்று அவளுக்கு எல்லாம் இருந்தது.

“அட, மூலனூரா. எந்தக் கூட்டமுங்க?” என்றார் முதலாளி. மரியாதை கூடிவிட்டது.

இந்தச் சீமையின் விவசாயக் குடும்பங்களில் கூட்டம் என்று ஒன்று உண்டு. ஒரே கூட்டம் என்றால் ஒரே குலதெய்வம். எந்த ஊரில் இருந்தாலும் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். இவ்வளவு எனக்குத் தெரியும். தோழியின் கூட்டம் எது என்பதும் தெரியும். அதையே சொன்னேன். சொன்னதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“நம்ம பங்காளிப் புள்ளையா நீயி? வந்தன்னைக்கே சொல்லியிருக்கலாமே கண்ணு.”

அவர் தலைக்கு மேல் அந்தக் கூட்டத்துக் குலதெய்வத்தின் படம் மாலை போட்டு மாட்டியிருந்தது. நிஜமாகவே அந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால் உள்ளே நுழைந்ததுமே கைகூப்பியிருப்பாள். எனக்கு அது வெறும் ஒரு சாமி படம். ஆயிரம் கூட்டம் இருக்க, முதலாளியின் கூட்டத்தையே போய்ச் சொல்லி வைத்திருக்கிறேன்.

“அப்பா பேரென்ன? மூலனூர்ல நம்மாளுக எனக்கு அத்தன பேரையும் தெரியுமே. யாரு ஊடு?”

அப்பாவின் பெயர் சாமி பெயர், எல்லா ஜில்லாவிலும் உண்டு, அதனால் பெயரைச் சொல்லிவிட்டேன். அவர் யோசிக்க ஆரம்பித்தார். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் போனை எடுத்து மூலனூருக்கே பேசிவிடுவார். “அப்பா தவறிட்டாருங்க,” என்றேன். “சின்ன வயசுலயேங்க. அதுக்கப்புறம் ஊர்ப்பக்கம் போக்குவரத்து இல்லீங்க. அம்மாவுக்கும் சொகமில்லீங்க.”

அவர் உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. அப்போது மணி பன்னிரண்டரை. அந்நேரம் என் அப்பா தூக்குவாளியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்திருப்பார்.

அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன். சார் என்று கூப்பிட்டால் முறைப்பார். தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து சேலை வந்தது, பொங்கலுக்கு வந்தது. தங்கச்சி இல்லாத குறை தீர்ந்தது என்று அவருடைய அம்மா என் கன்னத்தைத் தடவினார்கள். எங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்று முதலாளி நாலு தடவை சொன்னார், நாலு தடவையும் ஏதோ காரணம் சொல்லித் தட்டிவிட்டேன். அப்பாவிடம், ஆபீஸ் பக்கம் வராதீங்க, மேனேஜர் திட்டுவார் என்று சொல்லி வைத்தேன். அவர் அந்த வீதி வழியாகச் சைக்கிளில் போவதைக்கூட நிறுத்திவிட்டார்.

இரண்டாவது வருடம் இத்தாலியிலிருந்து ஆர்டர் கொடுக்கிற ஒரு பையர் வந்தார். ஜெனோவா என்ற துறைமுக ஊர்க்காரர். அறுபது வயதிருக்கும், மெலிந்த ஆள், ஆங்கிலத்தை யோசித்து யோசித்துப் பேசுவார். பிராண்டுக்கு அவருடைய குடும்பப் பெயரையே வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட போலோ டி-ஷர்ட், மார்பில் கிரீடம் வைத்த ஒரு கழுகு. பக்கத் தையலில் பட்டையோடு பட்டை சேர வேண்டும், ஒரு நூல்கூட ஏறி இறங்கக் கூடாது என்றார். எதற்கு இத்தனை பிடிவாதம் என்று முதலாளி என்னைக் கேட்கச் சொன்னார். அந்த இத்தாலிக்காரர் தன் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார்.

சின்னதாக ஒரு பழைய சர்ச். அதன் முன்சுவர் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகக் கல் பதித்திருந்தது. சுற்றிலும் நெருக்கமாக வீடுகள், நடுவில் முற்றம் போல ஒரு சதுக்கம். அவர் சொல்லச் சொல்ல நான் முதலாளிக்குத் தமிழில் சொன்னேன். எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முன் ஜெனோவாவில் ராஜா கிடையாது. குடியரசு என்று பெயர், ஆனால் கப்பல் வைத்திருந்த நாலு பெரிய குடும்பங்கள் வைத்ததுதான் சட்டம். அவர்களுக்குள் ஓயாத வெட்டுக்குத்து. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சதுக்கம், ஒரு கோபுரம், சொந்தமாக ஒரு சர்ச். கடற்சண்டையில் ஜெயித்து வந்தால் அந்தக் கதையைச் சர்ச் சுவரிலேயே வெட்டி வைப்பார்கள். கறுப்பு வெள்ளைக் கல் பதிக்கும் உரிமை ஊரில் எல்லோருக்கும் கிடையாது, அந்த நாலு குடும்பத்துக்கு மட்டும்தான். இவர் பெயர் அந்த நாலில் ஒன்று.

முதலாளி அசந்துபோய்விட்டார். “நம்மள மாதிரியேதான் பாரு. அது அவங்க குலதெய்வக் கோயிலு. கூட்டம்னா என்னன்னு அவருக்குச் சொல்லு கண்ணு. நாம ரெண்டு பேரும் ஒரே கூட்டம்னும் சொல்லு.”

சொன்னேன். வெட்கமில்லாமல் அந்த இரண்டாவதையும் சொன்னேன். பையர் மேசையில் தட்டி “ஆல்பெர்கோ” என்றார். அவர்கள் ஊரிலும் கூட்டத்துக்கு அப்படி ஒரு பெயர் இருந்திருக்கிறது. ஒரு வித்தியாசம், அவர்களுடையது ரத்த சொந்தம் மட்டும் இல்லை. சின்னக் குடும்பங்கள் தங்கள் பெயரை விட்டுவிட்டுப் பெரிய குடும்பத்தின் பெயரை வைத்துக்கொண்டு அந்தச் சதுக்கத்துக்குக் குடிவரலாம். பெரிய குடும்பத்துக்கு ஆள் பலம், சின்னக் குடும்பத்துக்குப் பாதுகாப்பு.

பிறகு அவர் சாம்பிள் டி-ஷர்ட்டில் இருந்த கழுகின் மேல் விரலை வைத்து, நாங்கள் பிறப்பால் இந்தக் குடும்பம் இல்லை என்றார். அவருடைய முன்னோர் மலைமேல் கம்பளி அடித்துச் சுத்தம் செய்கிற வேலைக்காரர். கொஞ்சம் கையில் சேர்ந்ததும் தன் பெயரை விட்டுவிட்டு இந்தப் பெயரை வாங்கிக்கொண்டார். எங்கள் பழைய பெயர் இது என்று என் நோட்டில் எழுதிக் காட்டினார். வருடத்தில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும், அவர் அப்பா ஏற்படுத்திய வழக்கம் என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் முகத்தில் துளி கூச்சம் இல்லை.

“என்ன சொல்றாரு?” என்றார் முதலாளி.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்திருக்காது. அவர் சொன்னதை அப்படியே சொல்லி, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, அண்ணா, நானும் அப்படித்தானுங்க என்று முடித்திருக்கலாம். முதலாளி வருத்தப்பட்டிருப்பார், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார், அவ்வளவுதான். “அவங்க குடும்பம் எண்ணூறு வருசமா இருக்குதாமுங்க அண்ணா,” என்றேன்.

அடுத்த தையில் முதலாளியின் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. இவர்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு. மாப்பிள்ளையின் சகோதரி புதுச்சேலை கட்டி அவருக்கு இணையாக நிற்க வேண்டும். பெண்டாட்டி வந்தாலும் உடன்பிறந்தவளின் உரிமை போகாது என்று சபையில் காட்டுவதற்கு. இவர்களுக்குச் சகோதரி கிடையாது. இரண்டு சித்தப்பாக்களுக்கும் பெண்கள் இருந்தார்கள், ஆனால் இந்தச் சித்தப்பா மகளைக் கூப்பிட்டால் அந்தச் சித்தப்பா வீடு கல்யாணத்துக்கே வராது. வீட்டில் ஒரு வாரம் பஞ்சாயத்து. கடைசியில் முதலாளியின் அம்மாதான் தீர்ப்புச் சொன்னார்கள். “ஆபீஸ்லயே பங்காளிப் புள்ள ஒண்ணு இருக்குது, தகப்பனில்லாத புள்ள. அது செய்யட்டும். ஒருத்தரும் பேச முடியாது.”

நான் மறுத்தேன். மறுக்க மறுக்க, தகப்பன் இல்லாத கூச்சம் என்று நினைத்து இன்னும் அன்பாகக் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் மானம் கப்பலேறிவிடும் என்ற பயத்தில் தலையை ஆட்டிவிட்டேன்.

பத்திரிகை அடித்து வந்தது. முதலாளி தானே கார் எடுத்துக்கொண்டு எங்களுக்குக் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிற கம்பெனிகளுக்கெல்லாம் போய்க் கொடுத்தார். தைக்கிறவர்கள், செக்கிங் செய்கிறவர்கள், தேய்த்து பேக்கிங் போடுகிறவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. அதில் ஒன்று அப்பா வேலை பார்த்த கம்பெனி என்பது எனக்குத் தெரியும். ஓனருக்குத்தானே கொடுப்பார், தேய்க்கிற மேசை வரைக்கும் பத்திரிகை எங்கே வரப்போகிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா எனக்கு முன்னால் வந்திருந்தார். மடியில் மஞ்சள் தடவிய பத்திரிகை.

“ஏளா, இங்க வா. இதைக் கொஞ்சம் வாசி. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.”

அப்பாவுக்குக் கண் நன்றாகவே தெரியும். வாங்கி வாசித்தேன். மணமகன், மணமகள், முகூர்த்த நேரம், மண்டபம். கீழே ‘இணைச்சீர்’ என்று போட்டிருந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

“அடுத்தாப்புல என்ன போட்டிருக்கு?”

பத்திரிகையை மடிக்கப் போனேன்.

“வாசி. பரவால்ல.”

“லேட்,” என்றேன். அதற்குப் பக்கத்தில் அப்பாவின் பெயர். அதற்குப் பக்கத்தில் ‘அவர்களின் மகள்’ என்று என் பெயர்.

அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். “அப்ப நான் யாருளா?” என்றாள். “நெத்தியில இந்தப் பொட்டை யாருக்கு வச்சிருக்கேன்?” கையில் கரண்டி இருந்தது. அடித்தால் நன்றாக இருக்கும் என்று நின்றேன். அடிக்கவில்லை.

“விடு,” என்றார் அப்பா. “பிள்ள பசியோட வந்திருக்கு. முதலாளிமாரு கேக்கும்போது வேற என்ன சொல்லும். வேற வழி இருந்திருக்காது.”

வேறு வழி இருந்தது. நூறு வழி இருந்தது. அதை அவரிடம் சொல்லாமல் தட்டை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அன்று ரசம் சோறு தின்றேன், அதையும் இங்கே எழுதிவிட வேண்டும். தின்னாமல் படுத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் அப்பா ஒன்பது வருடம் நின்ற மேசையை விட்டுவிட்டுப் பல்லடம் ரோட்டில் ஒரு சின்ன கம்பெனிக்கு மாறினார். சைக்கிளில் ஒரு மணி நேரம். “பழைய ஓனருக்கு என்னையும் தெரியும், உங்க முதலாளியும் பழக்கம். என்னைக்காவது பேச்சுல வந்திரும்ளா,” என்றார். கல்யாணத்துக்காக முதலாளி வீட்டில் கொடுத்த பட்டுச்சேலையை அவர்தான் மேலே துணி விரித்து, சூட்டைப் புறங்கையில் பார்த்துப் பார்த்துத் தேய்த்துக் கொடுத்தார். அம்மா அந்தச் சேலையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

கொமரலிங்கத்தில் கல்யாணம். சடங்குக்கு முன் முதலாளியின் அம்மா என்னைத் தனியாக அழைத்துக் கிழக்கே பார்க்க நிறுத்தினார்கள். “அப்பன நெனச்சுக் கும்புட்டுக்க கண்ணு. அவரு மேல இருந்து பாத்துட்டுத்தான் இருப்பாரு.” கண்ணை மூடிக் கும்பிட்டேன். உயிரோடு இருக்கிற மனிதரைச் செத்தவராக நினைத்துக் கும்பிட்ட பாவி இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பக்கத்தில் நின்ற முதலாளியின் அம்மா என் கண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்தார்கள்.

பையரும் கல்யாணத்துக்கு வந்திருந்தார், வேட்டியெல்லாம் கட்டிக்கொண்டு. சடங்கு முடிந்து இறங்கியபோது, உன் அப்பா எங்கே, அவருக்கும் வணக்கம் சொல்ல வேண்டுமே என்றார். சுற்றிலும் ஆட்கள், ஆனால் அவர் ஆங்கிலம் யாருக்கும் பிடிபடாது. “இன்றைக்கு அவருக்கு வேலை இருக்கிறது,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நாளைக்கே விமானம் ஏறிப் போகிற ஆளிடம் மட்டும் எனக்கு உண்மை வந்தது.

அப்பா அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பி, சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளியவர் அப்படியே அதன் மேல் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எட்டரை மணிக்கு வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். தெருக்காரர்கள் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரிலிருந்து பெரியப்பாவும் சித்தப்பாவும் வந்துசேர நாலு மணி ஆகும், வந்ததும் எடுப்பது என்று பேச்சு.

அன்று இரண்டரை மணிக்கு இத்தாலிக்காரரின் அந்த வருட ஆர்டருக்குக் கடைசி இன்ஸ்பெக்‌ஷன். லீவு சொல்ல முதலாளிக்குப் போன் செய்தேன். அப்பா செத்துவிட்டார் என்று சொல்ல முடியாது. அவரை நான்தான் எப்போதோ சாகடித்துவிட்டேனே.

“பக்கத்து ஊட்டுப் பெரியவர் ஒருத்தர் தவறிட்டாருங்க அண்ணா.”

“அட பாவமே. ரொம்பப் பழக்கமா? குரலே ஒரு மாதிரி இருக்குது.”

“ஆமாங்கண்ணா. சின்னதுல இருந்து தெரியுமுங்க.”

“சரி, இருந்து பாத்துட்டு மத்தியானமா வந்துரு கண்ணு. நீ இல்லாட்டி அந்த இன்ஸ்பெக்டருகிட்ட ஆரு பேசறது? ரெண்டு மணிக்கு நானே காரை அனுப்பறேன். இல்ல, நானே வந்து ஒரு மாலை போட்டுட்டு உன்னையும் கூட்டிட்டு வந்தர்றேன். ஊட்டையும் பாத்த மாதிரி இருக்கும்.”

“வேண்டாமுங்கண்ணா,” என்றேன். “நானே பஸ்ல வந்தர்றனுங்க.”

ஒன்றரை மணிக்கு எழுந்து முகம் கழுவினேன். தலையை வாரினேன். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். “போறியா?” என்று மட்டும் கேட்டாள். நான் போனேன். இன்ஸ்பெக்டருக்கு ஒவ்வொரு டி-ஷர்ட்டாகத் திருப்பி, பட்டையோடு பட்டை சேருகிறதா என்று அளந்து காட்டினேன். நாலே காலுக்கு அங்கே எடுத்திருப்பார்கள். அப்போது நான் கழுகுக்குத் தையல் எண்ணிக்கொண்டிருந்தேன். எல்லாம் பாஸ் ஆனது.

மறுநாள் காலையில் முதலாளி என் மேசைக்கு வந்தார். கையில் இரண்டு டீ, ஒன்றை எனக்கு வைத்தார்.

“நேத்து வராம இருந்திருந்தாலும் நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன் கண்ணு. மொகமே வாடிப்போச்சு. பெரியவருக்குப் புள்ளைக இருக்குதா?”

“ஒரு பொண்ணு இருக்குதுங்கண்ணா.”

“வந்துச்சா?”

“வந்துச்சுங்க. எடுக்கறதுக்கு முன்னாலயே கெளம்பிப் போயிருச்சுங்க.”

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். “பெத்த அப்பன எடுக்கற வரைக்கும் இருக்க முடியாதா? அதெல்லாம் என்ன புள்ளைன்னு வளத்தாரோ அந்த மனுசன்,” என்றார். “உன்னையாட்ட ஒண்ணு பெத்திருந்தா அவருக்கு இந்த கெதி வருமா கண்ணு?”

“வராதுங்கண்ணா,” என்றேன்.